பழிப்பங்கு

பவர் பேங்க்குக்கு வடிவு சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மணை, தையல் கத்தரி, ஸ்பேனர்கள், ஐஸ் பாளத்தை இழுக்கும் கொக்கி எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. கடைசியாக அது மிச்சமிருந்தது. மோதிர விரலால் சந்தனத்தைத் தீற்றி, நடுவில் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொக்கிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த பரமகுரு எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, அதுக்கு எதுக்குப் பொட்டு?"

"வருஷம் பூரா உங்க சாட்சிக்குச் சோறு போடுறது இதுதானே? ஒரு நாள் படுத்துக் கெடக்கட்டும்."

"அப்ப எனக்குப் பொட்டு?"

"நீங்க என்ன ஆயுதமா?"

"இல்லியா பின்ன? ஒங்க அம்ம அப்படித்தான சொல்லுதாவ. மழுங்கின ஆயுதம்னு."

சாட்சி என்று அவர்கள் சொன்னது சாட்சிக்கண்ணை. அந்நாளில் தூத்துக்குடியில் சாட்சிக்கண் இல்லாத வாகனம் கிடையாது. முன்கண்ணாடியில் ஒட்டிய, தீப்பெட்டி அளவுக் கேமரா. எதிரே நடப்பதைப் பதிந்துகொள்ளும். கூடவே, 'நான் விழித்திருக்கிறேன்' என்று சுற்றியுள்ள வாகனங்களுக்கு ஓயாமல் சைகை அனுப்பும். இரண்டு வண்டிகள் மோதினால் இரண்டின் சாட்சிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பழிப்பங்கு வந்துவிடும். இதற்கு எழுபது, அதற்கு முப்பது. வாய்தாவும் வக்கீலும் ஒழிந்ததில் ஊருக்கே நிம்மதி.

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிவரும் ஆளில்லா லாரிகளும் அந்தப் பங்குகளைப் படித்துத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டன. அவற்றைத் தானோட்டிகள் என்றார்கள். எந்தச் செயலுக்குப் பழி அதிகமாக விழுந்ததோ அதை அவை மறுமுறை செய்யாது. குறைவாக விழுந்ததைப் பற்றிக் கவலைப்படாது.

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் சாட்சியை அணைத்து வைக்கத் தொடங்கியபோது ஒரு சட்டம் வந்தது. மோதலில் எந்த வாகனத்தின் சாட்சி உறங்கிக்கொண்டிருந்ததோ, நூறு பங்கும் அதற்கே. அதன் பிறகு யாரும் சாட்சியை அணைக்கவில்லை.

பரமகுருவின் வண்டி பழைய குட்டியானை வேன். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுவான். தண்ணீர் சொட்டிச் சொட்டி லைட்டர் சாக்கெட் என்றோ கருகிப்போயிருந்தது. அதனால் அவனுடைய சாட்சி வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. டேஷ்போர்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பவர் பேங்க்கிலிருந்து ஒரு வயர் கண்ணாடிக்கு ஏறும். தினமும் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிச் சார்ஜ் போடுவது வடிவின் வேலை.

பூஜை முடிந்து பொரிகடலையைத் தட்டில் கொட்டும்போது போன் வந்தது. பரமகுருவின் தம்பி சேர்மத்துரை. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவன்.

"எண்ணே, ரெண்டு தோணி வந்துட்டு. நல்ல சீலா மீனு. ஐஸு பத்தல."

"இன்னைக்குமாடே? வண்டிக்கு இப்பதான் பூஜை போட்டேன்."

"மீனுக்குத் தெரியுமா ஆயுத பூஜை? ஒரே நடை, எண்ணே."

பரமகுரு சட்டையை மாட்டினான். வண்டியை எடுக்கக் கூடாது என்று வடிவு முணுமுணுத்தாள். "சாமிக்குத் தெரியும்ட்டி, தம்பி கூப்பிட்டா போகாம இருக்க முடியாதுன்னு" என்றபடி அவன் குனிந்து பவர் பேங்க்கை நோக்கிக் கையை நீட்டினான்.

"அதத் தொடாதீங்க. பூஜையில வச்சத மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். வண்டியத்தான் எடுத்துட்டீங்க, இதாவது கெடக்கட்டும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். "ஒரே நடைதானட்டி" என்று சிரித்தான். தட்டிலிருந்து ஒரு கை பொரியை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

விபத்துச் செய்தியை அவளுக்கு முதலில் சொன்னது போன்தான். 'உங்கள் வாகனத்தின் பழிப்பங்கு: 100. எதிர்வாகனம், தானோட்டி: 0.' யாரையோ உரசிவிட்டான் என்று நினைத்தாள். ஒரு நடைக்குப் போய் இப்படிச் செலவு இழுத்து வைத்துவிட்டானே என்று கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அவள் கதவைத் திறந்தாள். தெருமுனையில் ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

பரமகுருவைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தவர்கள் பந்தலில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நூறு பங்கு. சாட்சி உறக்கம். நல்ல மனுஷன்தான், ஆனா பூஜை நாளும் அதுவுமா ஊத்திக்கிட்டுப் போயிருக்கான். சேர்மத்துரை எல்லோருக்கும் கேட்கும்படியே கத்தினான்.

"எதுக்கு அணைச்சான்? சொல்லுங்க மயினி, எண்ணன் எதுக்குச் சாட்சிய அணைச்சான்?"

வடிவு வாயைத் திறக்கவில்லை. உள்ளறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பவர் பேங்க் கிடந்தது. மறுபூஜை போட யாருக்கும் நினைவில்லை. யாரோ தூசு தட்டும்போது பொத்தானில் கைபட்டு நான்கு விளக்குகளும் எரிந்தன. முழுச் சார்ஜ்.

அவள் சொல்லியிருக்கலாம். 'அவர் அணைக்கவில்லை, நான்தான் எடுத்து வைத்தேன்.' ஒரு வரி போதும். கணவனுக்குக் குடிகாரன் என்ற பேர் ஊரில் நிலைத்துக்கொண்டிருந்தபோது அந்த ஒரு வரி அவள் தொண்டையில் இருந்தது. அது வெளியே வந்தால் எல்லோருடைய கண்ணும் அவள் மேல் திரும்பும். அதற்குத்தான் பயந்தாள். செத்தவன் மேல் பழி கிடப்பதும், உயிரோடிருப்பவள் தப்பித்துக்கொள்வதும் அவளுக்கே தெரிந்து நடந்தது. கருமாதி முடிந்தும் அவளால் வயிறாரச் சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசைவாள், வைத்துவிடுவாள்.

கடைசியில் ஒரு நாள் பழிப்பங்குத் தீர்ப்பாயத்துக்குப் போனாள்.

"எனக்கு என்ன பங்குன்னு தெரியணும்" என்றாள் முன்னறையில் இருந்தவரிடம்.

அவர் திரையைத் தட்டிப் பார்த்தார். "நூறு உங்க வண்டிக்கே போயிட்டும்மா. நஷ்ட ஈடு வராது."

"காசு கேக்கல. பழியில என் பங்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பங்கு வண்டிக்குத்தாம்மா உண்டு. ஆளுக்குக் கிடையாது."

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

பேச்சு கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். தீர்ப்பாயத்தின் பொறியாளர். அமலோற்பவம் என்று பெயர் சொன்னாள். நரைத்த தலை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் செயின். வடிவை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டாள். சந்தனம் வைத்ததிலிருந்து, அவன் கையை எடுத்துக்கொண்டதுவரை. வடிவு முதன்முதலாக அதைச் சொன்னது முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம்தான்.

"லாரியோட பதிவ எடுத்துப் பாக்கேன். ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றாள் அமலோற்பவம்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அவள் வடிவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"பைபாஸ் திருப்பத்துல லாரி அவரத் தூரத்துலயே பாத்துட்டு. நிக்கதுக்கு இடம் இருந்திருக்கு."

"பின்ன ஏன் நிக்கல?"

"பிரேக் போட்டிருக்கு. லேட்டா." அவள் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். "இது, சாட்சி முழிச்சிருக்குற வண்டி எதுத்தாப்புல வந்தா லாரி பிரேக் போடுற இடம். இது, சாட்சி தூங்குற வண்டி வந்தா போடுற இடம். எல்லா லாரியும் இப்படித்தான் ஓட்டுது. இப்படி ஓட்டுன்னு நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. தூங்குற வண்டிய இடிச்சா தனக்குப் பங்கு பூஜ்யம்னு அதுவே படிச்சிட்டு."

வடிவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. நல்ல மழையில் குடை இல்லாதவன்மேல் மட்டும் சேற்றை வாரியடித்துப் போகும் பஸ் மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். தட்டிக் கேட்க யாருமில்லை என்று தெரிந்த வண்டி.

"அந்த நூறு பங்குச் சட்டத்த எழுதின குழுவுல நானும் இருந்தேன்" என்றாள் அமலோற்பவம். "குடிகாரங்களத் தடுக்கணும்னுதான் நெனச்சோம்."

"ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குப் பவர் பேங்க் வண்டியில இருந்திருந்தா?"

அமலோற்பவம் திரையை அணைத்தாள். அப்போதும் நின்றிருக்காது என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்திருக்கும்.

"நின்னிருக்கும்" என்றாள்.

அமலோற்பவத்தின் அறிக்கை வெளியே வந்ததும் ஊர் கொந்தளித்தது. ஆனால் லாரிகளை நிறுத்து என்று கேட்டவர்கள் கொஞ்சம்பேர். மற்றவர்கள் பெரிய பவர் பேங்க் வாங்கினார்கள். சைக்கிள் ஹேண்டில்பாரில் சாட்சி தொங்கியது. ஆட்டுக்கிடாயின் கழுத்தில் மணிக்குப் பதிலாக சாட்சியும் அதன் பேட்டரியும் தொங்கின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையின் முன்பட்டையில் குத்திக்கொண்டு போனார்கள். சார்ஜ் இருக்கிறதா என்று கேட்பது சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல ஆனது.

தீர்ப்பாயம் நூறு பங்குச் சட்டத்தை நீக்கியது. தானோட்டிகளுக்குப் பழைய விபத்துகளைத் திரும்பப் படிப்பிக்க வேண்டும். சாட்சி உறங்கிய விபத்துகளில் அது ஏன் உறங்கியது என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது. ஆகவே அந்தந்த வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவானது. மறுபங்கீடு என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள், ஒருவர் சொல்வதை ஒருவர் பார்த்து எழுதிவிடக் கூடாதென்று. திரையில் மூன்று கட்டங்கள். லாரி. வண்டி. பிறர்.

வடிவு 'பிறர்' கட்டத்தில் தன் பெயரைச் சொல்லி எழுபது என்றாள். மிச்சம் முப்பதை லாரிக்குக் கொடுத்தாள். பரமகுருவின் வண்டிக்குப் பூஜ்யம். இப்போது எங்கோ ஓர் இடத்தில் அது பதிந்திருக்கிறது, அவர் குடிக்கவில்லை என்று, தான்தான் காரணம் என்று. வீட்டுக்கு வந்து பழைய சோறும் மோர்மிளகாயும் வைத்துக்கொண்டு பசித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு, பசித்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

அடுத்த மாதம் அதே பைபாஸ் திருப்பத்தில் உப்பளத்துக்குச் சைக்கிளில் போன ஒரு பெண்ணைத் தானோட்டி அடித்தது. உயிர் தப்பியது, கால் போயிற்று. அவள் சைக்கிளில் சாட்சி இருந்தது. பேட்டரி வழியில் தீர்ந்திருந்தது.

மறுநாளே அமலோற்பவம் கூப்பிட்டாள். வடிவு போனபோது அங்கே சேர்மத்துரையும் உட்கார்ந்திருந்தான். கருமாதிக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்ததில்லை. எழுந்து, "வாங்க மயினி" என்றான். தாடி வளர்ந்திருந்தது.

"ரெண்டு பேரையும் சேத்துவச்சுப் பேசுறது ரூலுக்கு விரோதம்" என்றாள் அமலோற்பவம். "ஆனா வேற வழி தெரியல. மறுபங்கீட்டுக்குப் பெறவு லாரியெல்லாம் முன்னவிட மோசமா ஓட்டுது. தூங்குற சாட்சின்னா பிரேக்க இன்னும் தள்ளித்தான் போடுது."

"அதெப்படி?" என்றான் சேர்மத்துரை. "சட்டத்தத்தான் எடுத்துட்டீங்களே."

"நாங்க என்ன நெனச்சோம்? வீட்டு ஆளுகளக் கேட்டா மொத்தப் பழியையும் லாரி மேல போட்டுருவாங்க, பொய்யச் சலிச்சு எடுக்கணுமேன்னு பயந்தோம். தன் மேலயே பழி போட்டுக்கிடுறவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு, அத மட்டும் கேள்வியில்லாம அப்படியே எடுத்துக்கிட்டோம்." அவள் நெற்றியைத் தேய்த்தாள். "எல்லாரும் தன் மேலதான் போட்டிருக்காங்க. சீக்கிரம் வான்னு போன் பண்ணேன்னு ஒரு பொண்டாட்டி. பழைய பேட்டரிய மாத்தல்லன்னு ஒரு அப்பா. அன்னைக்குக் காலைல சண்ட போட்டேன்னு ஒருத்தன், அதுக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஒரே வீட்டுல நாலு பேரு, நாலு ரூமுல உக்காந்து ஆளுக்கு எண்பது தொண்ணூறு."

"எங்க வீட்டுல?" என்றாள் வடிவு.

அமலோற்பவம் சேர்மத்துரையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்க எழுபது. இவரு எண்பது. கூட்டுனா நூத்தம்பது. மொத்தம் நூறுக்குள்ள அடங்கணும்னா மிஷின் எங்க கழிக்கும்? லாரிட்ட கழிச்சிட்டு. உங்க வீட்டுக்காரர் கேசுல லாரியோட பங்கு இப்ப மைனஸ் அம்பது."

"மைனஸுன்னா?"

"பழிக்கு எதிர்ப்பக்கம். பரிசு மாதிரின்னு வச்சுக்கங்க. அன்னைக்கு மோதினது நல்ல காரியம்னு அதுக்கு அர்த்தம்."

வெளியே வராந்தாவில் ஒரு குழந்தை எதற்கோ அழுது அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"நீ எதுக்குத் தம்பி எண்பது?" என்றாள் வடிவு.

"என்ன மயினி கேக்கீங்க? நாந்தான போன் பண்ணிக் கூப்பிட்டேன். பூஜை நாளுன்னு எண்ணன் சொல்லச் சொல்ல. ரெண்டு பெட்டி சீலா." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீங்க எதுக்கு எழுபது?"

அவள் சொன்னாள். இந்த முறை முகம் பார்த்துச் சொன்னாள். சந்தனம், நீட்டிய கை, தொடாதீங்க என்றது.

சேர்மத்துரை நிமிர்ந்து பார்த்தான்.

"அதான் தூங்குச்சா" என்றான். பிறகு, "ஊரு பூரா எண்ணனக் குடிகாரன்னு சொல்லுச்சே. நீங்க வாய மூடிட்டு உக்காந்திருந்தீங்களே மயினி."

"இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல்லா?"

"சொல்லியிருக்கலாம். சொல்லல."

அவன் எழுந்து ஜன்னல்வரை போனான். திரும்பி வந்தான். "நானும்தான் கத்துனேன்" என்றான். "பந்தல்ல நின்னு எதுக்கு அணைச்சான்னு கத்துனேம்லா. நான் போன் போட்டதப் பத்தி யாரும் கேட்டுறக் கூடாதுன்னுதான் கத்துனேன்."

அமலோற்பவம் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "ரெண்டு பேரும் உங்க பங்க எடுத்துருங்க. எல்லா வீட்டுக்கும் இதையே சொல்லப்போறேன். பூஜ்யம்னு போட்டாத்தான் லாரிக்கு அதோட பங்கு முழுசா ஏறும்."

"நான் எடுக்க மாட்டேன்" என்றான் சேர்மத்துரை.

"தம்பி—"

"நீங்க எடுங்க மயினி, நான் வேண்டாங்கல. எனக்கும் எண்ணனுக்கும் மிச்சமிருக்கது இது ஒண்ணுதான். அந்த எண்பதச் சொன்ன அன்னைக்குத்தான் நான் தூங்கினேன். அதையும் புடுங்கிட்டா?"

வடிவுக்கு அவன் சொல்வது நன்றாகப் புரிந்தது. அவளுக்கும் அந்த எழுபது சோறாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டதால் தான் நேர்மையானவள் ஆகிவிட்டோம் என்று இத்தனை நாள் ஒரு சிறு பெருமைகூட இருந்ததை இப்போதுதான் கண்டாள். அந்தப் பெருமையின் விலை யாரோ ஒருத்தியின் கால்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா தம்பி? அந்த உப்பளத்துப் பொண்ணப் பாத்தியா?"

"இல்ல."

"நான் காலைல போயிட்டுத்தான் வாரேன். அவ மாமியா வாசல்ல உக்காந்து அழுதுட்டு இருக்கா. என்னன்னு கேட்டேன். பேட்டரிக்குச் சார்ஜு போட நான் மறந்துட்டேன்னு சொல்லுதா. நாளைக்கு அவளும் இங்க வந்து தொண்ணூறும்பா." வடிவு மூச்சு வாங்கினாள். "நாம அழுறதப் பாத்து அந்த லாரி ஓட்டப் படிக்குது தம்பி. உன் எண்பது உன் நெஞ்சுல கெடக்கட்டும். யாரும் புடுங்க முடியாது. இதுட்ட குடுக்காத."

வடிவு திரைக்கு முன்னால் நகர்ந்தாள். தன் பெயருக்கு எதிரே இருந்த எழுபதைத் தொட்டாள். பூஜ்யத்துக்கு இறக்குவதற்கு விரல் நெடுநேரம் எடுத்தது. 'இம்மரணத்தில் தங்களுக்குப் பங்கில்லை. உறுதியா?' என்று கேட்டது திரை.

பொய் சொல்லிப் பழக்கப்பட்டவள் அல்ல அவள். சும்மா இருந்து பழக்கப்பட்டவள். உறுதி என்பதை அழுத்தினாள்.

சேர்மத்துரை வந்து, நின்றபடியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு தன்னுடையதை அழுத்தினான்.

"ஒங்க பங்கு?" என்று வடிவு அமலோற்பவத்திடம் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை.

"எனக்கு அதுல கட்டமே இல்லம்மா" என்றாள் அவள்.

மற்ற வீட்டாரும் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் உடனே எடுத்தார்கள். சிலரை இரண்டு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு தாய் மட்டும் கடைசிவரை மறுத்துவிட்டாள் என்று கேள்வி. தானோட்டிகள் எல்லாவற்றையும் படித்தன.

சில நாள் கழித்து சேர்மத்துரை வந்து, "வாங்க மயினி, பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டான். இருவரும் பைபாஸ் திருப்பத்துக்கு நடந்தே போனார்கள். கையில் போன் இல்லை, சாட்சி இல்லை. துறைமுகத்துக்குப் போகும் பெரிய தானோட்டி ஒன்று வெயிலில் மினுங்கியபடி வந்துகொண்டிருந்தது. சேர்மத்துரை தடுப்பதற்குள் வடிவு தார்ச்சாலையில் காலை வைத்தாள்.

அது வெகுதூரத்திலேயே வேகம் குறைந்தது. குலுங்காமல், அலறாமல், பதினைந்து இருபது அடி தள்ளி வந்து நின்றது. பின்னால் வந்தவையும் வரிசையாக நின்றன. அவள் கடந்து போகும்வரை அவை காத்திருக்கும். பரமகுருவின் மரணத்தில் இப்போது நூறு பங்கையும் ஏற்றுக்கொண்ட லாரி எதுவோ, அதுவும் இந்த வரிசையில் எங்கோ நின்றிருக்கலாம்.

சேர்மத்துரை பழக்கத்தில் ஓட்டுநருக்கு நன்றி சொல்வதுபோலக் கையை உயர்த்தினான். பாதியில் இறக்கிக்கொண்டான்.

முன்கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை.